நாற்பத்தேழாம் எண் வளர்கிறது

போன வாரம் சாயன் போன் செய்தான். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் அதிகாரி. நல்ல பிள்ளை. என்னை ‘மாஷி’ என்பான். வங்காளத்தில் அம்மாவின் சகோதரியை அப்படித்தான் அழைப்பார்கள்.

“மாஷி, பழைய பதிவேட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டிருக்கோம். ஒவ்வொரு பொருளுக்கும் நம்பர் தெரியற மாதிரி ஒரு போட்டோ வேணும். நாப்பத்தேழு மட்டும் கிடைக்கல. இருக்கிற இடம்னு கிடர்பூர்ல ஒரு ஸ்கூல் பேரு போட்டிருக்கு. நிலைமைங்கிற கட்டத்துல ‘வளர்கிறது’ன்னு இருக்கு. யாரோ தப்பா எழுதிட்டாங்க போல. இழப்புன்னு போட்டுடட்டுமா?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “போட்டுத்தான் பாரேன், நேர்ல வந்து காதைத் திருகறேன்” என்றேன். சொன்ன கையோடு சிரிப்பும் வந்தது. பாவம், அவனுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? சனிக்கிழமை அவனைக் கிடர்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வந்ததிலிருந்து பழசெல்லாம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுதித் தீர்த்தால்தான் தூக்கம் வரும்.

எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலிருந்தே கல்கத்தாதான். அப்பாவுக்கு வங்கி வேலை. வீட்டில் தமிழ், வெளியில் வங்காளம், கோபம் வந்தால் எது முந்துகிறதோ அது. ஜாதவ்பூரில் வரலாறு படித்தேன், ஆசிரியப் பயிற்சி முடித்தேன், சில பள்ளிக்கூடங்களில் தொண்டை கட்டக் கத்தினேன். அதற்குப் பிறகுதான் இந்த வேலை கிடைத்தது.

தென்கல்கத்தாவில் ஒரு பழைய மாளிகையின் இரண்டு மாடிகள்தான் எங்கள் அருங்காட்சியகம். பெயர் வேண்டாம். வங்காளத்து மண், ஆறு, காடு, அங்கே வாழ்ந்த மனிதர்கள், இவ்வளவுதான் எங்கள் சரக்கு. ஊருக்குள் பெரிய கூட்டமெல்லாம் வேறு இடத்துக்குப் போகும். எங்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகள். அவர்களைக் கவனிக்கும் பிரிவுக்குத் தலைவி அனிமாதி. அனிமா என்பது பெயர், அக்கா என்பதற்கு வங்காளத்தில் ‘தி’.

அனிமாதியைப் போல ஒரு மனுஷியை நான் பிறகு பார்க்கவில்லை. குள்ளமான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் ஒரு ஜோல்னாப் பை. அந்தப் பையில் பழைய புடவையிலிருந்து கிழித்துத் துவைத்த துணித் துண்டுகள் இருக்கும். பள்ளிக்கூடம் வருவதற்கு முன்னால் கூடத்துக்குப் போய், ஒவ்வொரு பொருளின் விவரச் சீட்டையும் துணியால் மூடுவார். பெயர் தெரியாது, காலம் தெரியாது, பொருள் மட்டும் தெரியும். குழந்தைகள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துகொள்வார்கள். அதன்பின் அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஏதாவது ஒரு குழந்தை ஏதாவது ஒரு கேள்வி கேட்கும் வரை அப்படியே நிற்பார்.

கூட வந்த ஆசிரியர்களுக்குத்தான் இருப்புக்கொள்ளாது. “சொல்லுங்க மேடம், இவங்க நோட்ஸ் எடுக்கணும்” என்பார்கள். அவர்களுக்காகவே கீழே டீ ஏற்பாடு செய்திருப்பார். “நீங்க களைச்சுப் போயிருப்பீங்க, வாங்க” என்று கையைப் பிடித்து அவரே மாடிப்படி வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். எத்தனை மரியாதையாக ஆளை வெளியே அனுப்பலாம் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

நான் சேர்ந்த புதிதில் ஒருநாள். சுடுமண்ணில் செய்த பழங்கால ஆட்டுக்கடா ஒன்று, காலுக்குப் பதில் சக்கரம் மாட்ட ஓட்டைகளோடு இருந்தது. குழந்தைகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. வாய் திறந்து எந்த மேட்டில் தோண்டி எடுத்தது, எந்தக் காலம் என்று கடகடவென்று சொல்லிவிட்டேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள், எழுந்துவிட்டார்கள். அடுத்த வகுப்பு வந்தபோது அனிமாதி என்னைத் தூண் பக்கம் நிறுத்திவிட்டு அவரே நின்றார். சும்மா நின்றார். ரொம்ப நேரம் கழித்து ஒரு பெண் குழந்தை எழுந்து, “கயிறு எங்கே?” என்று கேட்டது. ஆட்டின் கழுத்திலும் ஓர் ஓட்டை இருந்ததை அதுவரை நான் கவனித்ததே இல்லை. அது யாரோ ஒரு குழந்தை கயிறு கட்டி இழுத்து விளையாடிய பொம்மை என்று அந்த வகுப்பே கண்டுபிடித்துவிட்டது. ஆளுக்கு ஆள் கத்தினார்கள்.

அன்றைக்கு அனிமாதி சொன்னார்: “நீ ரொம்ப நல்லாப் பேசற ராஜி. அதுதான் பிரச்சினை.”

வர முடியாத பள்ளிகளுக்காக அவர் தொடங்கியதுதான் கல்விப் பெட்டி. தேக்குமரப் பெட்டி, உள்ளே துணி ஒட்டிய சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஓர் உண்மையான பொருள். மாதிரி இல்லை, படம் இல்லை. ஒரு பள்ளிக்கு ஒரு பருவம் முழுக்க இருக்கும். விவரங்கள் ஒட்டிய உறைக்குள் தனியாகப் போகும். உறைமேல் அவரே எழுதிய ஓர் அட்டை: ‘குழந்தைகள் கேட்டால் பதில் சொல்ல வேண்டாம். கண்டுபிடிக்க வழி செய்து கொடுங்கள்.’

பொருள்களுக்கு எண் எழுதுவது என் வேலை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் பொருளின் ஓரத்தில் நக அளவுக்கு வார்னிஷ். கருத்த பொருளென்றால் அதன்மேல் கொஞ்சம் வெள்ளை. நன்றாகக் காய்ந்தபின் மெல்லிய நிப்பால் கறுப்பு மசியில் எண். மசி காய்ந்ததும் மறுபடி வார்னிஷ். தண்ணீர் பட்டாலும் போகாது. காய்ந்த காய், விதைக்கெல்லாம் மற்ற இடங்களில் நூலில் அட்டை கட்டுவார்கள். எங்கள் பெட்டி குழந்தைகள் கைக்குப் போகிறது, நூல் ஒருநாள் தாங்காது. அதனால் எல்லாவற்றுக்கும் நேராகப் பொருள் மேலேயே எழுதச் சொல்லியிருந்தார்.

பெட்டிகளில் எனக்குப் பிடித்தது சுந்தரவனப் பெட்டி. சேற்றிலிருந்து மேலே நீட்டி மூச்சுவிடும் வேர், நண்டு ஓடு, தேனடைத் துண்டு, புலியின் கால் தடத்தில் வார்த்த வார்ப்பு, பிறகு ஒரு கண்டல் மர விதை. வங்காளத்தில் கர்ஜன் என்பார்கள். அந்த விதை மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காயைப் போல நீளமாகத் தொங்கும். கீழே கடலோர உப்புச் சேற்றில் விழுந்தால் குத்தி நின்றுகொள்ளும். எங்களிடம் இருந்தது பழசாகிப் பொடிந்துவிட்டது. ஒரு மழைக்காலத்தில் அனிமாதி சுந்தரவனம் போனபோது புதிதாக ஒன்று கொண்டுவந்தார். முறைப்படி மணலில் புதைத்து வாரக்கணக்கில் காயவைக்க வேண்டும். ஆனால் பெட்டி கிடர்பூர்ப் பள்ளிக்குப் போக வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. அந்தப் பள்ளிக்கு ஏற்கனவே ஒரு தடவை தள்ளிப்போட்டிருந்தோம். “எண்ணை எழுதி வெச்சிடு ராஜி, பெட்டிக்குள்ளேயே காயட்டும்” என்றார். எழுதினேன். நாற்பத்தேழு.

பருவம் முடிந்து பெட்டி திரும்பி வந்தது. ஒவ்வொரு குழியாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். நாற்பத்தேழின் குழி காலி.

எங்கள் செயலாளர் கோஷால் பாபு. கெட்டவர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அருங்காட்சியகத்தின் குண்டூசிகூட அவர் வீட்டுக்குப் போனதில்லை. ஆனால் பெட்டிகள் அவருக்குப் பிடிக்காது. “பொருளைக் காப்பாத்தத்தான் நம்மளை வெச்சிருக்காங்க, ஊர் சுத்த விடறதுக்கு இல்ல” என்பார். விஷயம் தெரிந்ததும் அனிமாதியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: பொருளைத் தொலைத்த பள்ளியை நிரந்தரமாக விலக்க வேண்டும்; அதற்குச் சம்மதமில்லையென்றால் எல்லாப் பெட்டிகளும் உள்ளே வந்து பூட்டப்படும். வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்கும்.

நான் கிடர்பூர் போனேன். துறைமுகத்துக்குப் பின்னால், லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவில் ஒரு சரக்குக் கிட்டங்கி, அதன் மாடியில் பள்ளிக்கூடம். சுமை ஏற்றுகிறவர்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள், தையல்காரர்கள், இவர்களுடைய பிள்ளைகள். ஒருதரம்கூட எங்கள் கட்டடத்துக்கு வந்ததில்லை. வகுப்பாசிரியை என்னைக் கண்டதும் முகம் வெளிறி, ஜன்னலைக் காட்டினார்.

ஜன்னல் கட்டையில் கப்பலுக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்ட் டப்பா. அதில் சேறு. சேற்றில் எங்கள் விதை, நட்டுக்குத்தாக.

“நட்டுட்டீங்களா! அருங்காட்சியகப் பொருளை நட்டு வெச்சிருக்கீங்களா!” என்று வங்காள மொழியில் கத்தினேன். பிறகு எனக்குள்ளேயே தமிழில், “அறிவிருக்கா இந்தப் பொம்பளைக்கு” என்று முணுமுணுத்தேன்.

“இருக்கு மேடம், கொஞ்சூண்டு” என்றார் அவர், தமிழில்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“என் பேரு மல்லிகா. எங்கப்பா கரக்பூர் ரயில்வே. வீட்ல தமிழ்தான்” என்றார். “இப்ப சொல்றதைக் கேளுங்க மேடம். பசங்க எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. இதைத் தொட்டதும் சண்டை. பெட்டிக்குள்ள வெச்சதெல்லாம் செத்ததுதான்னு பாதிப் பேரு. இல்ல, இது ஜில்லுனு இருக்கு, உயிர் இருக்குன்னு மீதிப் பேரு. என்னைக் கேட்டாங்க. உறையைப் பிரிக்கப் போனா, மேல என்ன எழுதியிருக்கீங்க? பதில் சொல்லாதே, கண்டுபிடிக்க வழி செய்யின்னு. உயிர் இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க வேற என்ன வழி மேடம்? நீங்களே சொல்லுங்க.”

 டப்பாவின் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். விதையின் நுனியில் பளபளவென்று இரண்டு இலைகள். கீழே பச்சைத் தண்டின்மேல், வெள்ளைப் பூச்சில், என் கையெழுத்தில் நாற்பத்தேழு. கண்டல் விதையின் நீண்ட உடம்புதான் அப்படியே செடியின் தண்டாகிறது என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். என் கையால் எண் எழுதிய ஒன்றுக்கு இலை வந்து பார்த்தது அன்றுதான். 

“திருப்பிக் கொடுக்க வேண்டியதுதானே, ஏன் கொடுக்கல?” என்று கேட்டேன், இந்த முறை மெதுவாக.

“பெட்டிக்குள்ள எப்படி மேடம் வெக்கறது? மூடி மூடாதே.” பிறகு குரல் இறங்கியது. “எங்க ஸ்கூலை விலக்கிடுவீங்களா? பெட்டி வந்ததிலேர்ந்து ஒரு பிள்ளை லீவு போடல மேடம்.”

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். கண்டக்டர், “தீதி, செடிக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?” என்று கேலி செய்தார். இன்னொரு நாளாக இருந்தால் நானும் வம்பளந்திருப்பேன்.

அனிமாதி டப்பாவைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், “உயிரோட இருந்ததைச் செத்ததுன்னு நினைச்சு அனுப்பினது நான். அதைச் சந்தேகப்பட்டது அந்தக் குழந்தைங்க மட்டும்தான்” என்றார்.

எனக்குப் பயம். எத்தனையோ பள்ளிகளுக்குப் பெட்டி போகிறது. ஒரே ஒரு பள்ளியை விட்டுக்கொடுத்தால் மற்றதெல்லாம் பிழைக்கும் என்று வாதாடினேன்.

“எந்தப் பள்ளிக்கூடம் நாம எழுதி அனுப்பினதை அப்படியே செஞ்சுதோ, அதைத் தண்டிச்சிட்டு மத்தவங்களுக்கு எந்த முகத்தோட பெட்டி அனுப்பறது ராஜி?” என்றார். அதற்குமேல் பேச இடம் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. மேஜைக்கு அந்தப் பக்கம் கோஷால் பாபுவும் குழுவினர் இரண்டு பேரும். இந்தப் பக்கம் நாங்கள். அனிமாதி தன் பையிலிருந்து ஒரு துணித் துண்டை எடுத்து, தண்டில் எண் இருந்த இடத்தைச் சுற்றிக் கட்டினார். டப்பாவை மேஜை நடுவில் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

கோஷால் பாபு விதிமுறையைப் படித்தார். “பொருள் இல்லாமப் போனாலோ, உடைஞ்சாலோ, எண்ணைப் படிக்க முடியலேன்னாலோ அது இழப்பு. நாப்பத்தேழு இழப்பு. உங்க முடிவு என்ன?”

அனிமாதி பேசவில்லை.  எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அடங்கிவிட்டேன்.

“இந்தச் செடி எதுக்கு இங்க?” என்றார் கோஷால் பாபு.  அவர் எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். ஓர் இலையை விரலால் தொட்டுப் பார்த்தார். வாழ்நாளில் எதையும் கையுறை போடாமல் தொட்டிராத கை அது.

“இது… கர்ஜனா?” என்று கேட்டார்.

அப்போதுதான் அனிமாதி கையை நீட்டித் துணியை அவிழ்த்தார்.

கோஷால் பாபு மேஜை இழுப்பறையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து படித்தார். “நாப்பத்தேழு” என்றார் வாய்விட்டு. மறுபடி படித்தார். பிறகு விதிமுறைப் புத்தகத்தை மறந்துவிட்டு, தண்டை மேலிருந்து கீழ் வரை பார்த்தபடி, “அனிமா, இதுல விதை எங்க முடியுது? செடி எங்க ஆரம்பிக்குது?” என்றார்.

“நானும் அதைத்தான் பாத்துட்டிருக்கேன் கோஷால் பாபு” என்றார் அனிமாதி. “பொருள் இருக்கு. உடையல. எண் தெரியுது. காய வெக்காம அனுப்பினது என் தப்பு, தண்டனைன்னா எனக்குக் குடுங்க. பள்ளிக்கூடம் மேல ஒரு தப்பும் இல்ல.”

எனக்கு அந்த மனிதர்மேல் மதிப்பு உயர்ந்தது அதற்கடுத்த நிமிடத்தில்தான். விதியை வளைக்கவும் இல்லை, வீம்புக்கு நிற்கவும் இல்லை. பதிவேட்டைத் திறந்தார். நிலைமை என்ற கட்டத்தில் நலம், சேதம், இழப்பு என்று மூன்றில் ஒன்றுதான் எழுதலாம். பேனா மூடியைக் கழற்றினார். பிறகு அழகான கையெழுத்தில், ‘வளர்கிறது’ என்று எழுதினார்.

“பெட்டி போகலாம்” என்றார் பேனா மூடியைத் திருகிக்கொண்டே. “கிடர்பூருக்கும் போகலாம். செடியும் அங்கேயே போய் இருக்கட்டும். ஆனா வருஷா வருஷம் போய்ப் பாக்கணும். எண் தெரியணும். அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.”

வெளியே வந்ததும் நான் அனிமாதியைக் கட்டிக்கொண்டு அழுதேன். “சேலைக் கஞ்சி போச்சு” என்றார் அவர்.

அதன்பின் வருஷா வருஷம் போனேன். செடி டப்பாவிலிருந்து முற்றத்துக் குழாயடிக்கு இறங்கியது. பக்கவாட்டில் வேர்விட்டு ஊன்றிக்கொண்டது. ஓய்வு பெறுவதற்கு முன் அனிமாதியும் ஒருதரம் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் நின்றார், வழக்கம்போல் ஒன்றும் பேசவில்லை. இப்போது அவர் இல்லை, கோஷால் பாபுவும் இல்லை. தண்டு பருக்கப் பருக்க என் எண்ணும் அகன்றுகொண்டே போனது. என் கடைசி வருஷத்தில் நான்கு தெரிந்தது, ஏழில் வெடிப்பு விழுந்திருந்தது. நானும் ‘வளர்கிறது’ என்றே எழுதிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் சாயன் காத்திருந்தான். பஸ்ஸில் என்னென்னவோ கேட்டுப் பார்த்தான். அது என்ன பொருள், ஏன் அங்கே இருக்கிறது என்று. “வந்து பாரு” என்பதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மல்லிகா இப்போது தலைமையாசிரியை. தலை முழுக்க நரை, வாய் மட்டும் அப்படியே. “வாங்க மேடம். இன்னிக்கும் திட்டத்தான் வந்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டே முற்றத்துக்கு அழைத்துப் போனார்.

மதில் சுவரைத் தாண்டிவிட்டது மரம். இடுப்பளவு உயரத்திலிருந்து வேர்கள் வளைந்து இறங்கி நாலாபக்கமும் ஊன்றி நிற்கின்றன. நான் குனிந்து பழைய இடத்தைத் தடவிப் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பட்டைதான் இருந்தது. வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. என் எண்ணை மரம் உதிர்த்துவிட்டது. எனக்குத் துக்கமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? எண் தெரியணும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று கோஷால் பாபு சொன்னது காதில் கேட்டது.

சாயன் போனைத் தூக்கிக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தான். “மாஷி, இந்த மரமா நாப்பத்தேழு? நம்பரே இல்லையே. கம்ப்யூட்டர்ல நலம், சேதம், இழப்புன்னு மூணுதான் இருக்கு, வேற எதுவும் எழுத விடாது. நம்பர் தெரியலேன்னா அதுவே இழப்புன்னு எடுத்துக்கும்.” சுற்றுமுற்றும் பார்த்தான். “ஒரு பேர்ப்பலகைகூட வெக்கலையே!”

“வெச்சா படிச்சிட்டுப் போயிடுவாங்க தம்பி” என்றார் மல்லிகா. “எங்க பசங்க இன்னும் கேட்டுட்டே இருக்காங்க.”

அவன் மறுபடி போனைப் பார்த்தான். கட்டை விரல் திரைமேல் நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மல்லிகாவும் சொல்லவில்லை.  அவன் தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தான். வேர்களைப் பார்த்தான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஈர மண்ணைக் கிள்ளி எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தான்.

“மாஷி, இங்க உப்பே இல்லையே” என்றான். “இது எப்படிப் பொழைச்சுது?”

எனக்குப் பதில் தெரியும். தொண்டை வரை வந்துவிட்டது. மல்லிகா என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.